கால் தெரியாத உருவம்

அரூரில் ஒரு தியேட்டரில் டார்ச் அடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, இடைவேளையில் கதவைத் திறந்துவிடுவது, படம் விட்டதும் நாற்காலிக்கு அடியில் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பது. இவ்வளவுதான் வேலை. சித்தேரி மலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு இறங்கி வந்தவனுக்கு அது போதும். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற எனக்கு அந்த இருட்டு வசதியாகவும் இருந்தது. வருகிறவர்கள் வெளிச்சம் விழுகிற தரையைத்தான் பார்ப்பார்கள். டார்ச்சைப் பிடித்திருப்பவன் யார் என்று பார்க்கமாட்டார்கள்.

நான் நிற்கிற கதவு திரைக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் படத்தில் இருக்கிற ஆட்கள் எல்லாம் கோணலாக இழுத்துவிட்ட மாதிரி தெரிவார்கள். அதனால் படத்தை விட்டுவிட்டு, படம் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது பழக்கமாகிவிட்டது. சண்டைப் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் ஒவ்வொரு முகம் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பேய்ப் படத்துக்கு மட்டும் எல்லா முகமும் ஒரே முகமாகிவிடும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். கடலை தின்கிற கை பாதியில் நின்றிருக்கும். பெண்கள் கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிக்கொண்டு வந்திருப்பார்கள். அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஆண்கள் யாருக்கும் தெரியாமல் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வார்கள். கீழே இருந்து ஏதாவது பிடித்துவிடும் என்ற பயம்தான். எங்கள் தியேட்டரின் தரை சரிவானது. கழற்றிப்போட்ட செருப்புகள் ஆள் நடமாட்டத்தில் நகர்ந்து நகர்ந்து முன்வரிசைக்குப் போய்விடும். பேய்ப் படம் போட்டால் செருப்பு மாறிப்போகிறது என்று மேனேஜர் அலுத்துக்கொள்வார். படம் விட்டதும் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்துத் தேடிக் கொடுப்பேன்.

அந்தப் பயம் எப்படித் தீர்ந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார்.

"ஏன் மாமா, அந்தக் கத்து கத்துனீங்க? பேயே பயந்துக்கிச்சு."

"நானா? எனக்குப் பின்னால சீட்டுக்காரன்டா."

அதோடு மொத்த வரிசையும் சிரித்துவிடும். சோடாவும் முறுக்கும் மற்ற நாளைவிட அதிகமாகப் போகும். படம் விட்ட பிறகு யாரும் தனியாகக் கிளம்பமாட்டார்கள். தீர்த்தமலை ரோட்டில் போகிறவர்கள் யார், மொரப்பூர் பக்கம் யார் என்று கேட்டில் நின்று கூவிக் கேட்பார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒன்றாகச் சேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசியபடியே போவார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பயத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பேசித் தீர்த்திருப்பார்கள்.

என் அக்கா ஒரே ஒருமுறை அந்தத் தியேட்டரில் படம் பார்த்தாள். அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். மலையிலேயே வாக்கப்பட்டு, புருஷன் போன பிறகும் மலையிலேயே இருந்துவிட்டாள். சந்தைக்கு இறங்கி வந்தவளை ஒருநாள் மேட்னி ஷோவில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். பேய்ப் படம் என்று சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளைச் சேலைக்காரி திரையில் வந்ததும் அக்கா பையிலிருந்த அருவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பயமாக இருந்தால் இரும்பைக் கையில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? சத்தம் போடாமல் ஒவ்வொருவராக எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். படம் முடிந்து வெளியே வந்தவள், "உங்க தியேட்டர்ல கூட்டமே இல்லயேடா, உனக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுக்கறாங்களா?" என்று கவலையாகக் கேட்டாள்.

பிறகு தியேட்டரை மூடிவிட்டார்கள். அது இப்போது கல்யாண மண்டபம். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனேன். அப்போது நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எங்களிடம் மட்டும்தான் டிவி இருந்தது. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் பேய்த் தொடர் வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பயமுறுத்துகிற இடம் வரப்போகிறது என்று தெரிந்தால் என் மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிடுவாள். சத்தம் இல்லாத பேய் சும்மா வாயைத் திறந்து திறந்து மூடும். "பாவம், பல்லு வலியாட்டம் இருக்குது" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் சோப்பு விளம்பரம் வரும்போது எழுந்துபோய் சோற்றை வடித்துவிட்டு வருவார்கள். திரை சின்னதானதும் பயமும் சின்னதாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

இப்போது டீக்கடையில் ஆளுக்கு ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் போன். பேய் வீடியோ பார்க்கிறவனை எனக்குப் பார்த்ததும் தெரியும். அதே பழைய தியேட்டர் முகம். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வேறு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். இவன் காதில் ஒயர் இருக்கும். கத்தவும் மாட்டான், பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் மாட்டான். முடிந்ததும் விளக்குப் போடுகிறவர்கள் யாரும் இல்லை. விரலால் ஒரு தள்ளு தள்ளி அதை இன்னொருவனுக்கு அனுப்பிவிட்டு டீயைக் குடிப்பான். அந்த இன்னொருவன் எங்கேயோ ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து பயப்படுவான்.

அக்கா மட்டும் மாறாமல் வாராவாரம் சந்தை நாளில் வந்துகொண்டிருந்தாள். சாமை, புளி, சீமாறு, நெல்லிக்காய், அந்தந்தக் காலத்தில் எது கிடைக்கிறதோ அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். சந்தையில் விற்றுவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வாரம் முழுக்கப் பேசாத பேச்சையெல்லாம் நான் அன்றைக்குப் பேசித் தீர்க்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான்.

அவள் பஸ் ஏறுகிற இடம் ஸ்டாப் இல்லை. ஊரிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை தார் ரோட்டில் சேருகிற ஒரு வளைவு. ஸ்டாப்புக்குப் போவதென்றால் மேட்டில் வெகுதூரம் ஏறவேண்டும். இளவயதில் புளிய மரத்திலிருந்து விழுந்ததில் அவளுக்கு வலது கால் சரியில்லை. மூட்டையோடு ஏற முடியாது. பழைய டிரைவர் அது தெரிந்து வளைவில் நிறுத்துவார். நிறுத்தி நிறுத்தி அது வழக்கமாகிவிட்டது. அவர் ரிட்டையரான பிறகு, மலையே பழக்கமில்லாத ஒரு புது டிரைவர் அந்தப் பஸ்ஸுக்கு வந்தார்.

அதே சமயம், போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டது. ஒரு சந்தைக்கு அக்கா வரவில்லை. மழையினால் இருக்கும் என்று நினைத்தோம். அடுத்த சந்தைக்கும் வரவில்லை. அவளிடம் போன் கிடையாது. ஊரில் போன் வைத்திருப்பவர்களுக்கும் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் யார் பாறையில் ஏறுவார்கள்?

அந்த வாரத்தில்தான் டீக்கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு வேன் டிரைவர் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. "அண்ணா, இது உங்க மலைதான? பாருங்க" என்று போனை நீட்டினார்.

ஓடுகிற வண்டியின் முன்கண்ணாடி வழியாக எடுத்த வீடியோ. விடிந்தும் விடியாத வெளிச்சம், சாரல், ரோடு முழுக்கப் பனி. வண்டி ஒரு வளைவில் திரும்புகிறது. ரோட்டோரம் வெள்ளையாக ஓர் உருவம் நிற்கிறது. தலை கூம்பாக இருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு குழி. கீழே கால் இல்லை. தரையைத் தொடாமல் பனியின் மேல் நிற்கிறது. வண்டி கிட்டப் போகும்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெலிந்த கை ஒன்று மெதுவாக வெளியே வருகிறது. அந்த இடத்தில் ஒரு பெண் அலறுகிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ பேய்ப் படங்களுக்கு டார்ச் அடித்தவன் நான்.

அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, கடைக்குப் பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அந்த உருவம் இடப்பக்கம் சாய்ந்து நிற்பது தெரிந்தது. வலது காலில் பாரம் போடாமல், இடுப்பை ஒரு பக்கம் தள்ளி. இந்த நிலையை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வளைவும் அக்காவின் வளைவுதான்.

அது அக்கா என்று தெரிந்ததும் பயம் போயிருக்கவேண்டும். எனக்கு அப்படி ஆகவில்லை. இரண்டு சந்தையாக வராத அக்கா, கால் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்கிறாள். செத்துப்போய்விட்டாள், எனக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, செத்த பிறகும் இங்கே வருவதற்காக வளைவில் நிற்கிறாள் என்றுதான் தோன்றியது. பட்டப்பகலில், பத்தடி தூரத்தில் பாய்லர் கொதிக்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன். பயந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பாதிதான் சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டு, கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். மறுநாள் காலையில் மேலே போகிற பஸ்ஸில் ஏறினேன். வளைவில் இறங்கினேன். யாரும் இல்லை. ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது எதிரில் யாராவது வந்து விஷயத்தைச் சொல்லிவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா. இப்பத்தான் எங்கூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

சொம்புத் தண்ணீரை வாங்கி முழுவதையும் குடித்தேன். அவள் பாட்டுக்குப் பஸ்காரனைத் திட்ட ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் மூட்டையோடு போய் வளைவில் நின்றாளாம். கையைக் காட்டினால் பஸ் லைட்டைப் போட்டு, ஆரனை அடித்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போகிறதாம். முன்னே ஒருநாள் மூட்டை வைக்க இடம் கேட்டுக் கண்டக்டரிடம் சண்டை போட்டாள். அந்த ஆத்திரத்தில்தான் நிறுத்துவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றால் நிறுத்தினால்தானே கேட்க முடியும் என்றாள். பறித்து வைத்த நெல்லிக்காய் மூலையில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

சுவரில் ஆணியில் ஒரு வெள்ளை யூரியாச் சாக்கு தொங்கியது. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் அழுத்தி மடித்தால் கூம்பு மாதிரி வரும். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் முதுகு முழுக்க மூடிவிடும், மழை இறங்காது. கொங்காணி என்போம். மலையில் மழைக்காலத்தில் எல்லோரும் போட்டுக்கொள்வதுதான். குனிந்து நின்று உள்ளே இருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டால் எதிரே வருகிறவனுக்கு முகமும் தெரியாது, கையும் தெரியாது. கீழே கருப்புச் சேலையைப் பனி மறைத்துவிடும். எனக்கே தெரிந்த பொருள். திரையில் பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை.

போனை எடுத்து அவளுக்குக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கை வெளியே வருகிற இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நிக்கிற எடமாட்டம் இருக்குதேடா."

"ஆமாக்கா."

"அடப்பாவி. இத்தன நாளா இது பக்கத்துலயா நான் நின்னுட்டிருந்தன்?"

அது நீதான் என்று சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முதுகில் ஒரு அடி வைத்தாள். எத்தனை சொல்லியும் நம்பவில்லை. அவள் தன்னை அந்த மாதிரி எங்கேயும் பார்த்ததில்லை. கடைசியில் கொங்காணியை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி, வாசலுக்கு எதிரே கொஞ்ச தூரம் தள்ளி நின்று, கையை நீட்டச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொங்காணியைக் கழற்றி மடித்தாள்.

"அப்ப அந்த டிரைவரு புள்ள என்னப் பாத்து பயந்துட்டுத்தான் போயிருக்குது" என்றாள். "நான் என்னென்னமோ பேசிப்புட்டன் அத."

மறுநாள் சந்தை. காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வளைவுக்கு வந்தேன். சாரல் விடவில்லை. கொங்காணி வேண்டாம் என்று முந்தானையை மட்டும் போட்டுக்கொண்டு நனைந்தபடி எனக்குப் பின்னால் நின்றாள். நான் ரோட்டுக்கே போய்க் கையை நீட்டினேன். பஸ் நின்றது. அவளை ஏற்றிவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை பேருக்கு நடுவில் நான் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல்முறை. என்ன சொல்லவேண்டும் என்று விடியற்காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவங்க எங்க அக்காங்க. இந்த வளைவுலதான் நிப்பாங்க. மழைக்குச் சாக்குப் போட்டிருப்பாங்க. பயப்படாம நிறுத்துங்க."

டிரைவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எங்கங்க பயந்தன்? பனியில தெரியலீங்க" என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "ஆமா ஆமா, அதான் அன்னைக்கி முருகா முருகான்னு கத்துனீங்க" என்றார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவரும் சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவும் சிரித்தாள். இடைவேளைக்கு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்று அவள் சந்தையை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ நான் பேசியதைப் போனில் எடுத்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சில நாள் கழித்து அந்த வேன் டிரைவர் கடைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்தார். முதலில் பழைய வீடியோ வந்தது. உருவம், கை, அலறல். பிறகு என் முகம். தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், சாரல் நனைத்த கன்னத்தோடு நான் சொல்கிறேன்: "இவங்க எங்க அக்காங்க. இந்த வளைவுலதான் நிப்பாங்க." அதோடு வெட்டிவிட்டார்கள். பஸ் சிரித்தது இல்லை. அக்கா இல்லை. பிறகு சோகமாக ஒரு வயலின். மலைப் பாதைப் பேயின் தம்பி அழுதுகொண்டே சொல்லும் உண்மை என்று கீழே எழுதியிருந்தது.

வேன் டிரைவருக்கு முழுக்கதையையும் சொன்னேன். நம்பினார். அவர் இருக்கிற குரூப்பில் எல்லாம் எழுதியும் போட்டார். "நான் எழுதுனத எவன் படிக்கிறான் அண்ணா, வீடியோவத்தான பாக்கறானுங்க" என்று வந்து வருத்தப்பட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதைவிடத் துன்பம் வேறு இல்லை. திரையைப் பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். ஒரு நடுவயதுப் பெண் டீயை வாங்கிக்கொண்டு, உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு, விபத்தா என்று மெதுவாகக் கேட்டார். அக்கா உயிரோடு இருக்கிறாள், போன சந்தைக்குக்கூட வந்தாள் என்றேன். உற்றவர்களைப் பறிகொடுத்தவன் பேச்சைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சாந்தி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வளைவுக்குப் பைக்கில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருநாள் அக்கா விறகோடு பாதையிலிருந்து இறங்க, ஒருவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். அதுவும் வீடியோவாக வந்தது. ஜீப்காரர்கள் வளைவில் ஆரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரோ எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார்கள். யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பயம் உள்ள இடத்தில் கற்பூரம் காட்டாமல் தாண்டமாட்டார்கள். அது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை.

காலையில் இறங்கி வருகிற முதல் பஸ்ஸும் இப்போது கற்பூரம் காட்ட அந்த வளைவில் நிற்கிறது. டிரைவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியுங்க, உங்க அக்காதான்னு. ஏர்ற சனம் கேக்கமாட்டேங்குது. ஒரு நிமிசம் நின்னு காட்டிட்டுப் போயிடலாம்னு கண்டக்டர் சொல்றாருங்க. அவங்கள வந்து ஏறிக்கச் சொல்லுங்க, நான் எங்க வாணாங்கறன்?"

அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். பஸ் தினமும் நிற்கிறது, நீ வந்து ஏறிக்கொள் என்றேன். அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"எனக்குக் கற்பூரம் காட்டற எடத்துல நான் போயி எப்பிடிடா நிக்கிறது?"

அவள் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறாள். பஸ் வருவதற்கு முன்னாலேயே போய், பாதை முடிகிற இடத்தில் மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கிக் கற்பூரம் ஏற்றினார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு குழந்தைக்கு அதன் அம்மா கையைப் பிடித்துக் கும்பிடச் சொல்லிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் வெளியே வந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று நினைத்து அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். பஸ் போன பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. பயமும் இல்லை. வெட்கம்தான் இருந்தது. செய்யாத ஒன்றைச் செய்துவிட்டுப் பிடிபட்ட மாதிரி ஒரு வெட்கம்.

அவள் கீழே வருவதை நிறுத்திவிட்டாள். சந்தைக்கு முந்தின நாள் நான் போய் மூட்டையை எடுத்து வருகிறேன். எனக்குக் கூவி விற்கத் தெரியாது. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். மத்தியானம் சாப்பிடும்போது இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் மூட்டையை எடுக்கப் போனேன். மேலே போகிற பஸ்ஸும் இப்போது அங்கே நிறுத்திக் கற்பூரம் காட்டுகிறது. நான் இறங்குவதற்காகப் படிக்கட்டில் நின்றிருந்தேன். கண்டக்டர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து முதலில் என்னிடம்தான் நீட்டினார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பாதையில் ஏறி, அக்காவின் வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் நின்று, துண்டால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.